சென்னையில் ரெண்டு நாள், பழைய கட்டிடங்கள் மட்டும்: எந்த வரிசையில் போவது?

கொங்குக்காரன்:

வணக்கம். கோவையிலிருந்து ரெண்டு பேர் வருகிறோம். சனிக்கிழமை விடியக் காலையில் சென்ட்ரலில் இறங்கி, ஞாயிறு ராத்திரி அதே சென்ட்ரலில் வண்டி ஏறணும். எழும்பூர் பக்கம் ரூம். நடப்பதில் சிக்கல் இல்லை, வெயில்தான் பயம்.

பார்க்க நினைப்பது பழைய கட்டிடங்களை மட்டும். தேடினால் "25 இடங்கள்" என்று பட்டியல்தான் கிடைக்கிறது. எது எதற்குப் பக்கத்தில், எதை சனியில் வைப்பது, எதை ஞாயிறில் வைப்பது என்று ஒருத்தரும் சொல்வதில்லை. பாதிக்கு மேல் இன்னும் ஆபீஸாக ஓடுகிறதாமே, உள்ளே விடுவார்களா? படம் எடுக்கலாமா? இன்னொன்று: எல்லாமே "சிவப்புக் கட்டிடம், ரெண்டு கோபுரம்" என்றுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. எதைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

முத்தியால்பேட்டை:

வாங்க. முதல்ல அந்த 25-ஐ கிழிச்சுப் போடுங்க. ரெண்டு நாளில் உருப்படியாகப் பார்க்க முடிவது 10, 12. மீதியை பஸ் ஜன்னலில் பார்த்த கணக்கில்தான் சேர்க்கணும்.

எதை எந்தக் கிழமையில் வைப்பது என்பதுதான் இதில் முக்கியம். ஜார்ஜ் டவுனை ஞாயிறுக்கு ஒதுக்குங்க. மற்ற நாளில் அங்கே மீன்பாடி வண்டி, மூட்டை, பைக் எல்லாம் சேர்ந்து கட்டிடத்தின் கீழ்ப்பாதியை மறைச்சுடும், நிமிர்ந்து பார்க்கவே முடியாது. ஞாயிறு கடை அடைப்பு, தெரு காலி. ஷட்டருக்கு மேலே இருக்கும் மாடி முகப்பு, மரப் பலகணி, சுதையில் எழுதின வருஷம் எல்லாம் அன்னைக்குத்தான் கண்ணில் படும். மவுண்ட் ரோடு அதுக்கு நேர் எதிர். ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை மாதிரி உள்ளே போய்ப் பார்க்கவேண்டிய இடமெல்லாம் கடை திறந்திருந்தால்தான் உண்டு, அதனால் அது சனி. மியூசியம் ரெண்டுக்கும், எழும்பூரானாலும் கோட்டையானாலும், வெள்ளிதான் விடுமுறை. சனி ஞாயிறுக்கு வருகிறவருக்கு அதில் தொந்தரவில்லை.

சனி காலை: ரயிலை விட்டு இறங்கினதும் ரூமுக்கு ஓடாதீங்க. பையை க்ளோக் ரூமில் போட்டுட்டு வெளியே வந்து, ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன் பக்கம் நின்னு திரும்பிப் பாருங்க. சென்ட்ரல், விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் கட்டிடம் மூணும் ஒரே வரிசையில் தெரியும். சென்ட்ரல் 1873, ஜார்ஜ் ஹார்டிங் வரைந்தது, பிற்பாடு கட்டிடக் கலைஞர் சிஸ்ஹோம் கை பட்டது. பப்ளிக் ஹால் சிஸ்ஹோம் வரைந்தது, 1880-களின் கடைசி. ரிப்பன் 1913. ஏழரை மணிக்குள் முடிச்சுடுங்க, அப்புறம் பஸ் மறைக்கும்.

அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டாப், எழும்பூர். ஸ்டேஷன் 1908. அதுக்குப் பக்கத்திலேயே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், அதாவது ஸ்காட்லாந்துக்காரங்க சர்ச். பலர் இதைத் தாண்டிப் போயிடுவாங்க. இந்த ஊரில் ஒரே ஒரு கட்டிடத்துக்கு உள்ளேதான் போக முடியும்னா, நான் கை காட்டுவது இதைத்தான். பிறகு பாந்தியன் ரோடு மியூசியம், நடந்தால் 15, 20 நிமிஷம். காலை ஒன்பதரைக்குத் திறப்பாங்க, சாயங்காலம் அஞ்சுக்கு மூடுவாங்க. வெண்கலக் கூடத்தில் நுழைஞ்சா நேரம் போவதே தெரியாது. கட்டிடத்துக்காக வந்தவர் முதலில் வளாகத்தை வெளியே ஒரு சுத்து சுத்திட்டு அப்புறம் நுழையணும். மியூசியம் தியேட்டர், 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம், 1909-இல் திறந்த பழைய நேஷனல் ஆர்ட் கேலரி எல்லாம் ஒரே வளாகம். கன்னிமாராவின் பழைய கூடத்துக்குள் சும்மா விடமாட்டாங்க. கேட்டுப் பாருங்க, விட்டால் லாபம்.

மதியம் ரூம், தூக்கம். நாலரைக்கு மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டாப். ராஜாஜி ஹால் 1802, வெளிப் படிக்கட்டு வரைக்கும் பார்த்தாலே போதும். அப்படியே மவுண்ட் ரோட்டில் ஹிக்கின்பாதம்ஸ், 1904. கொஞ்சம் தள்ளி பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம், 1897, இப்போ சிதிலம்தான், எதிர்ப் பக்கமிருந்து பாருங்க, அடியில் போய் நிற்காதீங்க. முடிக்கும்போது திருவல்லிக்கேணி வாலாஜா மசூதி, 1795. முழுக்கக் கருங்கல், மரமும் இரும்பும் சேர்க்காமல் கட்டினது. தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்க.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மெரினா. அங்கே முகப்பெல்லாம் கடலைப் பார்த்து நிற்பதால் காலை வெயில் நேராக முகத்தில் விழும். சாயங்காலம் போனால் கட்டிடம் நிழலில் கறுத்து, பின்னால் வானம் வெளுத்து, படம் ஒண்ணுமே தேறாது. செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம் என்று தெற்கே நடந்தால் ரெண்டு கிலோமீட்டருக்குள். விவேகானந்தர் இல்லம்தான் ஐஸ் ஹவுஸ். 1842-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கமிருந்து கப்பலில் வந்த ஐஸ் பாளங்களைச் சேர்த்து வைக்கக் கட்டின கிடங்கு.

ஒரு எச்சரிக்கை: சேப்பாக்கம் அரண்மனையைக் கடற்கரைச் சாலையில் தேடாதீங்க. முன்னாடி பொதுப்பணித்துறைக் கட்டிடம் மறைச்சுக்கிட்டு நிற்குது. வாலாஜா சாலைப் பக்கம் போனால்தான் கலச மகாலும் ஹுமாயூன் மகாலும் தெரியும்.

எட்டு மணிக்கு டிபன். எட்டரைக்குத் திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறி பீச் ஸ்டேஷன். ஞாயிறு வண்டி குறைவு, நேரம் பார்த்துப் போங்க, இல்லைன்னா ஆட்டோ. ஒன்பதே காலுக்கு அரண்மனைக்காரன் தெருவில் இருக்கணும். அரண்மனை எதுவும் இல்லை அங்கே. ஆர்மேனியக்காரன் தெருதான் நம்ம வாயில் அரண்மனைக்காரன் ஆயிடுச்சு. ஆர்மேனியன் சர்ச்சில் ஞாயிறு ஒன்பதரைக்கு மணி அடிப்பாங்க. ஆறு பெரிய மணி, தனியாக நிற்கும் கோபுரத்தில். அதில் ஒண்ணில் தமிழ் எழுத்து வார்த்திருக்கு. இப்போ நிற்கும் சர்ச் 1772. உலகத்தில் ஆர்மேனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை 1794-இல் இந்த ஊரில்தான் அச்சானது. அதை நடத்தின பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் இங்கேதான்.

அதுக்கப்புறம் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில். உச்சி நேரத்தில் நடை சாத்திடும், அதுக்குள் போயிடுங்க. திரும்ப ராஜாஜி சாலைக்கு வந்து ஜிபிஓ, அதாவது பெரிய தபால் ஆபீஸ், 1884, இதுவும் சிஸ்ஹோம். வெளியிலிருந்து பார்த்தால் போதும். பசிக்கு அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், வேணும்னா பீச் ஸ்டேஷன் எதிரே, ஆனா அது சாயங்காலச் சமாச்சாரம்.

---

விளக்கடி:

முத்தியால்பேட்டை சொன்ன வரிசை நல்ல வரிசை. ஞாயிறு பிற்பகல் காலியாக இருக்கிறதே, அதற்கு ஒரு யோசனை. கட்டிடம் கட்டிடமாகத் தாவாமல் ஒரே சரடைப் பிடித்துப் போய்ப் பாருங்கள். சென்னையில் அதற்குத் தோதானது கலங்கரை விளக்கம். துறைமுகம் இல்லாத மணல் கரையில் கப்பல்கள் வெகு தூரத்தில் நங்கூரம் போட்ட ஊர் இது. விளக்கு இடம் மாறிய வரலாறு நாலே கட்டிடத்தில் அடங்கிவிடும்.

முதல் விளக்கு 1796-இல் கோட்டைக்குள் எக்ஸ்சேஞ்ச் கட்டிடத்தின் மேல்தளத்தில் ஏற்றப்பட்டது. அந்தக் கட்டிடம்தான் இன்றைய கோட்டை மியூசியம். இரண்டாவது 1844-இல் ஏற்றிய தூண். பல்லாவரம் கருங்கல்லில் கிரேக்க டோரிக் பாணியில் எழுந்தது, இப்போது ஹைகோர்ட் வளாகத்துக்குள் நிற்கிறது. மூன்றாவது ஹைகோர்ட்டின் உயரமான கோபுரமேதான், சுமார் 175 அடி. கோர்ட் 1892-இல் திறந்தது, கோபுரத்தில் விளக்கு 1894-இல் எரிய ஆரம்பித்து 1977 வரை எரிந்தது. நாலாவது இப்போது மெரினாவில் இருப்பது. ஞாயிறு காலை நடையின்போதே தெற்கே பார்த்தால் அது கண்ணில் படும். மேலே ஏறவேண்டுமென்றால் காலை அல்லது பிற்பகல், நடுவில் மூடிவிடுவார்கள்.

ஹைகோர்ட்டைப் பற்றி: வார இறுதியில் உள்ளே நுழையும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் நடக்காது, கேமராவுக்குச் சுத்தமாக இடமில்லை. வருஷத்தில் ஒரு நாள், வழக்கமாக நவம்பரில், எல்லா வாசலையும் 24 மணி நேரம் பூட்டிவிடுவார்கள். வளாகத்தின் ஊடே நடந்து பழகியவர்கள் அதை வழி உரிமையாகக் கோரிவிடக் கூடாது என்பதற்காக. வெளியிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. கிழக்குச் சுற்றுச்சுவரில் எம்டன் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் குண்டு போட்டதன் நினைவு. "அவன் சரியான எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன்.

கோர்ட் வளாகம் ஏன் இத்தனை விசாலம் என்று கேட்டால் அடுத்த சரடு கிடைக்கும். கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் குடியிருந்த முதல் கறுப்பர் பட்டணம் இருந்தது இங்கேதான். பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில், எதிரி வீடுகளின் மறைவில் நின்று கோட்டையைச் சுடக்கூடாது என்று அதை இடித்துத் திடலாக்கினார்கள். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது. அதற்கு ஈடாகக் கட்டியதுதான் பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் ஒட்டி நிற்கும் இரட்டைக் கோயில், சென்ன மல்லீஸ்வரரும் சென்ன கேசவரும். பட்டணம் கோயில் என்றால் வழி காட்டுவார்கள். திடலில் கட்டிடம் கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸை ஒட்டி இன்னும் நிற்கிறது.

இப்போது கோட்டை. ஹைகோர்ட் மெட்ரோவிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு. தலைமைச் செயலகமும் ராணுவமும் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு. ஆதாரோ லைசென்ஸோ அசல் கையில் இருக்கட்டும். ஒரு பையோடு போங்கள், ட்ரைபாட் வேண்டாம், ட்ரோன் பேச்சே கூடாது. ராணுவப் பகுதியை நோக்கி மொபைலைக்கூடத் தூக்காதீர்கள். அதட்டுவார்கள், அழிக்கச் சொல்வார்கள், அரை மணி வீண். செயலகம் ஞாயிறு மூடியிருப்பதால் கூட்டம் இராது.

உள்ளே புனித மேரி தேவாலயம், 1680-இல் திறந்தது. இதன் கூரையைக் கட்டாயம் அண்ணாந்து பாருங்கள். வடிவமைத்ததாகச் சொல்லப்படும் எட்வர்ட் ஃபௌல் கோட்டையின் பீரங்கிப் பிரிவுத் தலைவர், அவர் கோயில் கட்டினாலும் வெடிமருந்துக் கிடங்கு போலத்தான் கட்டுவார். உத்தரமும் சட்டமும் இல்லாமல், அரைவட்ட வளைவாகக் கட்டின தடித்த செங்கல் கூரை. சுவர் சுமார் நாலு அடி கனம். குண்டு விழுந்தால் உருண்டு போகணும், தீப்பிடிக்க மரம் இருக்கக்கூடாது, அதுதான் கணக்கு.

வெளியே தரையில் கல்லறைக் கற்கள் பாவியிருக்கும். லத்தீன், போர்த்துகீசியம் என்று பல மொழி. அவற்றின் கீழே யாரும் இல்லை. பழைய இடுகாடு இன்றைய சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளின் மறைவில் நின்று சுட்டதால், பிறகு கற்களை மட்டும் பெயர்த்து இங்கே கொண்டு வந்தார்கள். சாய்வெயிலில்தான் எழுத்து படிக்க வரும், உச்சி வெயிலில் கல் வெறும் பலகையாகத் தெரியும். ஆகவே மியூசியத்தை முதலில் முடியுங்கள், தேவாலய முற்றத்துக்கு மூன்றரை வாக்கில் வாருங்கள். மியூசியத்தில் 1947 ஆகஸ்ட் 15 விடியலில் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

---

ஜல்லிக்கரண்டி:

"எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது" என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதற்கு மட்டும் வருகிறேன்.

முதலில், ரிப்பன் கட்டிடம் வெள்ளை. அதையும் சேர்த்து எல்லாவற்றையும் இந்தோ-சராசெனிக் (முகலாய, இந்திய அம்சங்களை ஐரோப்பியக் கட்டிடத்தில் கலந்த பாணி) என்று அடித்து விடுவது வழக்கமாகிவிட்டது. பாணிப் பெயரை மறந்துவிட்டு மூன்று இடத்தைப் பாருங்கள்: கூரை எப்படி நிற்கிறது, சுவரின் மேல் பூச்சு என்ன, அடியில் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

கூரை. ஜார்ஜ் டவுன் பழைய கடைகளின் தாழ்வாரத்தில் நின்று மேலே பாருங்கள். தேக்குச் சட்டங்கள் ஒன்றரை அடி இடைவெளியில் ஓடும். அவற்றின் நடுவே சின்னச் சின்ன செங்கல்கள் சாய்கோணத்தில் தெரியும். இதுதான் மெட்ராஸ் டெரஸ். அந்தச் செங்கல் சாதாரணச் செங்கல் அல்ல, 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குல கனம். அதைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சட்டத்துக்கு 45 பாகை குறுக்கே, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை கிடையாது. ஒரு வரிசை முந்தின வரிசையைப் பிடித்துக்கொண்டே நிற்கும். அதன் மேல் சுண்ணாம்போடு கலந்த செங்கல் ஜல்லி 3 அங்குலத்துக்குக் குறையாமல் கொட்டி, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்கணும். கட்டை துள்ளித் திரும்பினால் இறுகிவிட்டது என்று அர்த்தம். மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள்.

இது கெடுவதும் எப்போதும் ஒரே இடத்தில்தான். சட்டத்தின் நடுப்பகுதி நூறு வருஷம் தாங்கும், சுவருக்குள் புதைந்த முனை மட்டும் மக்கும். மழைநீர்க் குழாய் அடைத்துச் சுவர் ஊறும், முனை உளுக்கும், கூரை அந்த ஓரம் மட்டும் தொய்யும். தாழ்வாரத்தில் ஒரு சட்டத்துக்குக் கீழே இரும்பு கர்டர் முட்டுக் கொடுத்திருந்தால், அதே சுவரின் வெளிப்புறம் போய்ப் பாருங்கள். பச்சையாகப் பாசி ஓடின கோடோ, குழாய் இடுக்கில் முளைத்த அரசங்கன்றோ இருக்கும்.

பூச்சு. பழைய சுவர் சுண்ணாம்பு, ஈரத்தை இழுக்கும், வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. அப்போது பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்து, அப்பளம் மாதிரி உப்பி விழும். கீழிருந்து மூன்று, நாலு அடி உயரம் வரை உதிர்ந்து, அதற்கு மேல் நன்றாக இருக்கும் சுவர் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து மெருகேற்றிய பழைய சுவர் அகப்பட்டால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சலவைக்கல் போல குளிரும். நகத்தால் சுரண்டவேண்டாம்.

அடித்தளம். கிர்க்கை ஏன் கட்டாயம் பார்க்கணும் என்று முத்தியால்பேட்டை சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். 1818-இல் தொடங்கி 1821-இல் முடித்தது. இடம் சேற்றுக் களிமண், மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் விரிசல் நிச்சயம். ராணுவ எஞ்சினியர் டி ஹாவிலண்ட் நம் ஊர் உறைக்கிணற்று முறையையே எடுத்துக்கொண்டார். சுட்ட மண் உறைகளை வரிசை வரிசையாக இறக்கி, கெட்டி மண் தொட்டதும் உள்ளே நிரப்பி, அந்தக் கிணறுகளின் தலையில் முழுக் கட்டிடத்தையும் உட்கார வைத்தார். மேலே 16 தூண்கள் மீது 51 அடிக்குச் சற்றே அதிக விட்டமுள்ள குவிமாடம், உள்ளே நீல நிறம், நட்சத்திரம். நடுவில் நின்று மெதுவாக ஒரு முறை கைதட்டிக் கேளுங்கள். ஆராதனை நடக்கும்போது வேண்டாம்.

சிவப்புக் கட்டிடங்களில் சிஸ்ஹோமையும் இர்வினையும் பிரிக்கணுமா? ஜிபிஓ, பப்ளிக் ஹால் இரண்டிலும் கூரையின் சரிவைப் பாருங்கள், திருவனந்தபுரம் வாசனை அடிக்கும். அங்குள்ள நேப்பியர் மியூசியமும் சிஸ்ஹோம் வேலைதான். ஹைகோர்ட்டை முடித்த இர்வினுக்குக் கண் வடக்கே, முகலாயக் குமிழும் வளைவும்தான். மியூசியம் வளாகத்து ஆர்ட் கேலரி இளஞ்சிவப்பு மணற்கல்லில் ஃபதேபூர் சிக்ரி வாசலையே நினைவூட்டும். வரைந்தவர்கள் வேறு வேறானாலும் பப்ளிக் ஹால், கன்னிமாரா, ஹைகோர்ட் மூன்றையும் எழுப்பியது ஒரே ஒப்பந்தக்காரர், தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. வளைவுகளில் செங்கல் இணைப்பு எவ்வளவு மெல்லிசு என்று பாருங்கள், யார் கை என்று புரியும்.

---

லஸ் கார்னர்:

இங்கே யாரும் சொல்லவில்லை, ஆனால் வெளியே பலரும் சொல்லும் ஒன்றுக்குச் சின்னத் திருத்தம். புனித மேரி "இந்தியாவின் பழைய சர்ச்" அல்ல, இந்தியாவில் இருக்கும் பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சர்ச். இந்த ஊரிலேயே லஸ் சர்ச்சில் 1516 என்று கல்வெட்டு இருக்கிறது, போர்த்துகீசியர் காலம். நேரம் மிஞ்சினால் லஸ், சாந்தோம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் ஞாயிறு காலை இரண்டிலும் பூசை. மெட்ரோ வேலைக்காக அந்தப் பக்கம் பாதை மாற்றம் வேறு. இந்த முறை விட்டுவிடுவது நல்லது என்பேன்.

---

கொங்குக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இப்படி மாற்றிக்கொண்டேன். சனி: சென்ட்ரல் வரிசை, கிர்க், மியூசியம், ஓய்வு, மவுண்ட் ரோடு, வாலாஜா மசூதி. ஞாயிறு: மெரினா, ஆர்மேனியன் சர்ச் மணி, காளிகாம்பாள், ஜிபிஓ, பாரிமுனை தூண், எம்டன் கல்வெட்டு, கோட்டை. பட்டணம் கோயிலை எங்கே நுழைப்பது? ஞாயிறு மதியச் சாப்பாடு, கழிப்பறை இரண்டும் எங்கே?

---

முத்தியால்பேட்டை:

பட்டணம் கோயிலைக் காளிகாம்பாளுக்கு அடுத்து வைங்க, ஜிபிஓவைக் கடைசிக்குத் தள்ளுங்க. கோயில்தான் நடை சாத்தும், ஜிபிஓ எங்கேயும் ஓடாது. தம்புச் செட்டித் தெருவிலிருந்து என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் மேற்கே நடந்தால் பூக்கடை வந்துடும். பதினொண்ணேகாலுக்குள் அங்கே இருக்கிற மாதிரி பார்த்துக்குங்க.

சாப்பாடு ஜார்ஜ் டவுனில் ஞாயிறு கஷ்டம், பாதி ஹோட்டல் மூடியிருக்கும். மண்ணடிப் பக்கம் பிரியாணி, சவுகார்பேட்டைப் பக்கம் வட இந்திய சைவம், ரெண்டில் ஒண்ணு கிடைக்கும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி காலையிலேயே வாங்கிக்குங்க, தெருவில் கடை அடைப்புன்னா தண்ணிக் கடையும் அடைப்புதான். கழிப்பறைக்கு மண்ணடி, ஹைகோர்ட் மெட்ரோ ஸ்டேஷன்களை நம்புங்க. கோட்டைக்குள் நுழையறதுக்கு முன்னாடி ஹைகோர்ட் ஸ்டேஷனில் முடிச்சுட்டுப் போயிடுங்க.

செருப்பு, ஷூ விஷயம்: ஞாயிறு ரெண்டு கோயில், ரெண்டு சர்ச். லேஸ் கட்டுற ஷூ வேணாம், கழட்டி மாட்டியே அரை மணி போயிடும். பட்டை வெச்ச செருப்பு போதும். பத்து மணிக்கு மேல் கோயில் பிராகாரக் கல் கொதிக்கும், பையில் ஒரு ஜோடி சாக்ஸ் இருக்கட்டும்.